கெண்டைக்காலில் ஐந்து குழிகள்

1957. அறந்தாங்கியில் வைரவனுக்குச் சிறுநீரகம் கெட்டு உடம்பெல்லாம் நீர் கோத்திருந்தது. விரலால் அழுத்தினால் விழும் குழி வெகுநேரம் மறையாது. கால் குடைச்சலில் வாரக்கணக்காகத் தூக்கமில்லை.

ஒருநாள் காலை அவர் முகம் தெளிந்திருந்தது. "நீ கால் அமுக்கிவிட்டதுல நல்லாத் தூங்கிட்டேன் காத்தாயி."

மனைவி காத்தாயி அமுக்கவே இல்லை. ஆனால் அவர் கெண்டைக்காலில் ஐந்து குழிகள் இருந்தன. தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். அவை அவளுடையதைவிட மெலிந்த விரல்களின் குழிகள்.

"எவ வந்தா இங்கிட்டு?"

"சாகக் கெடக்குறவனுக்கு வப்பாட்டி ஒண்ணுதான் கொறச்சல்" என்று சிரித்தார்.

அன்று கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு படுத்தாள். விடிந்தபோது பூட்டு அப்படியே இருந்தது. அவர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். காலில் குழி எதுவும் இல்லை. வீங்கிய இமைகளில்தான் இமைக்கு ஒன்றாக விரல் பதிந்த குழி இருந்தது, யாரோ கண்ணை மூடிவிட்டது போல.