வேலூர் மாத்திரை

"லதா! ஜல்தியா வா! உயிர் போவுது!"

மாணிக்கவேல் முனகியது, பின்கட்டில் ஓடிக்கொண்டிருந்த தறிச் சத்தத்தையும் மீறித் தெருவுக்குக் கேட்டது. கட்டிலில் இரண்டு தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். பார்க்க வந்த உறவுக்காரர்கள் வைத்துவிட்டுப் போன ஆப்பிளும் சாத்துக்குடியும் தலைமாட்டில் கிடந்தன.

மனைவி ஸ்வர்ணலதா இடது கையில் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு, அதே கையால் மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

"வேலூர்ல குடுத்ததுதானே? இங்க குடுத்தது ஒண்ணும் கேக்கல."

"அதேதாங்க. இதோட தீந்துபோச்சு."

"தீந்துபோச்சா? அப்புறம் நான் என்ன பண்றது?"

அவள் கதவில் சாய்ந்து நின்றாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அடுப்படி வெக்கையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மாத்திரையை விழுங்கினார்.

கைபேசி அடித்தது. பட்டுக்கடை பன்னீர்செல்வம்.

"அண்ணே, போளூர் கல்யாணப் பார்ட்டி வந்து குந்திகினு கீறாங்க. சேலை எப்போ வரும்?"

"யோவ், நான் படுத்த படுக்கையா கீறேன், சேலையக் கேக்கறியே! வலின்னா அனுபவிக்கறவனுக்குத்தான்யா தெரியும். பக்கத்துல இருக்கறவளுக்கே புரியல, உனக்கு எங்க புரியப்போவுது?"

போனைத் தலையணைக்கடியில் செருகினார். வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

நர்ஸ் துர்கா பையோடு உள்ளே வந்தாள். வேலூரில் ஆபரேஷன் முடிந்து திரும்பிய நாளிலிருந்து, கட்டு மாற்ற அவள்தான் அந்த வீட்டுக்கு வருகிறாள்.

"வலி எப்படி இருக்குது?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் மாணிக்கவேல் முந்திக்கொண்டார்.

"அதையேம்மா கேக்கற! ராத்திரி பூரா தூக்கமில்ல. கஞ்சியத் தவிர ஒண்ணும் எறங்கல. அந்த மாத்திரை மட்டும் இல்லன்னா என் கதி அவ்ளோதான். அதுவும் தீந்துபோச்சு. டாக்டர்கிட்ட சொல்லி இன்னும் ரெண்டு அட்டை வாங்கிக் குடும்மா, புண்ணியமா போவும்."

துர்கா காலி அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. மாணிக்கவேலை விட்டுவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, கேன்சருன்னு மார்ல ஆபரேஷன் பண்ணது உங்களுக்கு. இது உங்க வலிக்குக் குடுத்த மாத்திரை. இதப்போய் இவரு ஏன் முழுங்கிகினு இருக்காரு?"

ஸ்வர்ணலதா முந்தானையை இழுத்து வலது தோளை மூடிக்கொண்டாள்.

"நான் எப்படியோ பல்லைக் கடிச்சுகினு இருந்துடுவேன் சிஸ்டர். அவருக்குக் கடவாப்பல்லையில்ல புடுங்கிட்டாங்க!"