கிருஷ்ணம்மாவின் கணுக்கால்

பிளாஸ்டரின் நுனி அகப்படவே இல்லை. நகத்தை விட்டு நெம்பினேன்.

கிருஷ்ணம்மா காலை என் மடியில் நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் சேலை, கையில் காப்பு, பத்து நாள் விரதத்தில் ஒட்டிப்போன கன்னம். எங்களைச் சுற்றித் தேயிலைத் தோட்டத்துச் சனமெல்லாம் நின்றது. பத்தடி தள்ளிப் பூக்குழி தகதகவென்று கிடந்தது.

சும்மா பிளாஸ்டர் இல்லை அது. ரப்பர் மாதிரி இழுபடும். குதிகாலை வளைத்து, கணுக்காலை இறுக்கிச் சுற்றி ஒட்டியிருந்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கொழுந்துக் கூடையோடு மலையில் வழுக்கி விழுந்தவள். அன்றைக்குச் சுளுக்கிய கால் பிறகு சரியாகவே இல்லை. ஒரு சின்னக் கல் போதும், பொசுக்கென்று மடங்கிவிடும். டவுன் ஆஸ்பத்திரியில் இந்தக் கட்டைப் போட ஆரம்பித்த பிறகுதான் விழாமல் நடந்தாள். செவ்வாய்க்கிழமைதோறும் போய் மாற்றிக்கொண்டு வருவாள்.

அந்தச் செவ்வாய்தான் அவளுக்கு வினையாகிப்போனது. ரத்தோட்டை ரோட்டில் பஸ்ஸை மறித்துச் சோதிக்கிற ஆமிக்காரன் ஒவ்வொரு தடவையும் அவளை பஸ்ஸை விட்டு இறக்கி, கட்டுக்குள் என்ன என்று கேட்பான். இவளும் தெரிந்த சிங்களத்தில் பதில் சொல்லுவாள். பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

தை மாதம் ஆமி ஜீப் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கே வந்தது. காய்ச்சலில் படுத்திருந்த அவள் கொழுந்தன் சிவசாமியை அள்ளிக்கொண்டு போனது. காட்டிக் கொடுத்தது யார் என்று ஒருத்தரும் யோசிக்கக்கூட இல்லை. இவள்தான் என்றார்கள்.

சிவசாமி திரும்பி வரவில்லை. மாமியார் பாப்பம்மா தினமும் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். புருஷன்காரன் அவளோடு பேசுவதை நிறுத்தினான்.

கடைசியில் கிருஷ்ணம்மாவே கோயிலில் வந்து சொன்னாள். பூ மிதிக்கிறேன், நான் காட்டிக் கொடுத்திருந்தால் ஆத்தா என்னைக் குழியில் தள்ளட்டும் என்று. கடந்து வந்துவிட்டால் வீட்டில் இருக்கலாம். விழுந்தால் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டுத் தோட்டத்தை விட்டே இறங்கிப் போக வேண்டும். பேச்சு அப்படி.

பூசாரி நல்ல மனுஷன். பிளாஸ்டரைப் பார்த்துவிட்டு, கணுக்காலில்தானே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

நான்தான் விடவில்லை.

“காப்பத் தவுர வேற கட்டு ஒடம்புல இருந்தா, ஆத்தா காப்பாத்துனாளா, பிளாஸ்டர் காப்பாத்துச்சான்னு நாளைக்கு ஒரு பேச்சு வராதா சாமி?”

நியாயம் பேசுகிறவள் என்று லயத்தில் எனக்குப் பேர். பாப்பம்மா தலையாட்டினாள். மற்றப் பெண்களும் தலையாட்டினார்கள்.

கிருஷ்ணம்மா என் முகத்தையே பார்த்தாள். நான் பக்கத்துக் காம்பராக்காரி, இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவளுடைய இரண்டு பிரசவத்துக்கும் வெந்நீர் வைத்துக் கொடுத்தவள். அவள் நல்லதுக்குத்தானே சொல்லுவேன்?

“நீங்களே கழட்டிருங்கக்கா,” என்றாள்.

கழற்றினேன். தோலோடு பிய்ந்து வந்தது. உள்ளே கணுக்கால் வெளுத்து ஊறிப்போய், சூம்பிக் கிடந்தது. ஐயோ பாவம் என்று எனக்கே தோன்றியது. அதற்காகக் கையை நிறுத்தினேனா? இல்லை.

தப்பு முழங்கியது. அவள் குழிக்குள் இறங்கினாள்.

ஒன்று. இரண்டு. முகத்தில் பயம் என்பதே இல்லை. நான் மாரியாத்தாளை வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டினேன் என்று கேட்காதீர்கள்.

மூன்றாவது அடியில் கணுக்கால் மடங்கியது. கையை ஊன்றி விழுந்தாள். கையை எடுக்க முழங்காலை ஊன்றினாள். எழுந்திருக்கப் பார்த்தாள், அந்தக் கால் திரும்பவும் மடங்கியது.

ஒருத்தரும் அசையவில்லை. ஆத்தா தள்ளியவளை யார் தூக்குவது? பூசாரி பாய்ந்து அவளை இழுத்துப் போடும்வரை தோட்டமே பார்த்துக்கொண்டு நின்றது. அதற்குள் பாப்பம்மா பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லயத்தைப் பார்த்து நடந்துவிட்டாள். சின்னது அம்மா, அம்மா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது.

நானும் வாய்விட்டு அழுதேன். நடிப்பென்று நினைக்காதீர்கள்.

ஆமி வந்த அன்றைக்கு, விடிந்தும் விடியாத நேரம், முதலில் தட்டியது என் கதவைத்தான். சந்தியில் ஆமிக்கு எதிராகப் போஸ்டர் ஒட்டிய பையன் எந்த வீட்டில் இருக்கிறான் என்று கேட்டார்கள். போஸ்டர் ஒட்டியவன் என் மகன் முத்துவீரன். எனக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

நான் பக்கத்துக் கதவைக் காட்டினேன்.