ஆறு நாள் எச்சரிக்கை

வீல் வீலென்று அலறியது சைக்கிள். ஸ்டேஷன் வாசலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூச்சிரைக்கப் பின்னால் நின்ற செண்பகவல்லி, மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தாள்.

வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை கம்பெனி கொடுத்த சைக்கிளை மிதித்து வந்தால்தான் அவள் கணவன் தயாளனுக்கு வேலை. கைப்பிடி நாடி பிடித்துக் கம்பெனிக்குச் சொல்லிவிடும். அவனுக்கு நெஞ்சுவலி வந்த நாளிலிருந்து அவள்தான் மிதிக்கிறாள். ஷேர் ஆட்டோவில் வரும் அவன், டீக்கடை மறைவில் சைக்கிளை வாங்கி, ஸ்டேஷன் வாசலில் உள்ள கம்பெனி ஷெட்டில் விட்டுவிட்டு ரயிலேறுவான். இன்றும் அப்படித்தான் வாங்கி வந்தான்.

வாசலில் இருந்த கம்பெனி நர்ஸ் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தாள்.

"சார், முதல்ல படுங்க! உங்க இதயம் எப்ப வேணா நின்னுடும்."

செண்பகவல்லியின் கை தானாகத் தன் நெஞ்சுக்குப் போனது. கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, வேலை போனாப் போகட்டும். மிதிச்சது நான்னு சொல்லிடுங்க."

தயாளன் சட்டையை விடுவித்துக்கொண்டு, ஸ்ட்ரெச்சரிலிருந்து விலகி நின்றான்.

நர்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆறு நாளா உங்க போனுக்கு எச்சரிக்கை அனுப்புறோம். தினமும் 'பார்த்தேன், பரவாயில்லை'ன்னு பதில் போட்டிருக்கீங்களே சார்!"