ஆள் அனுப்பிட்டோம்

பல்கலைக்கழகத்தின் பழங்கருவிக் கூடத்தில் தொலைநோக்கிகளும் தராசுகளும் நிறைய இருந்தன. ஆனால் கூட்டம் மொய்த்தது என்னவோ போர்முனைத் தொலைபேசியைத்தான். பின்னால் ஒயர் அறுந்து ஒரு சாண் மட்டுமே மிச்சம். தொடாதீர்கள் என்று எழுதி ஒட்டிய காப்பாளரே அதன் கைப்பிடியைச் சுற்றுவார், ரிசீவரைக் காதில் வைப்பார், தலைமையக ராணுவ அதிகாரிபோல விறைப்பாக நின்று கத்துவார்: "அங்கேயே இருங்க, ஆள் அனுப்பிட்டோம்!" பார்ப்பவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். பல வருஷமாக அதே வசனம், அதே சிரிப்பு.

அன்று அவர் மனைவியின் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான்.

"மாமா, அந்தப் போன் கூத்தைக் காட்டுங்க!"

மச்சினன் கேட்டால் சும்மா இருப்பாரா? வழக்கத்தைவிட உரக்கவே கத்தினார். எல்லோரும் சிரித்துக்கொண்டே கேன்டீனுக்குப் போனார்கள். அவர் கண்ணாடிப் பெட்டியை மூடப்போனபோது தொலைபேசி மணி அடித்தது.

கை தானாக எடுத்துவிட்டது.

"ஐயா," என்றது களைத்த ஒரு குரல். அந்தக் குரலுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். "இப்பவும் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. அங்க அவ்வளவு சந்தோஷமா இருக்காங்கன்னா, நீங்க அனுப்பின ஆளுங்க பக்கத்துல வந்துட்டாங்கதானே?"

காப்பாளருக்குக் காது மடல் வரை சுட்டது. அறுந்த ஒயர் அறுந்தபடியே கிடந்தது. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தார். அங்கே இருமல் நின்றது. பலபேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"அங்கேயே இருங்க," என்றார் தலைகுனிந்து. "ஆள் அனுப்பிட்டோம்."

அந்த முனையில், நிம்மதியில், ஒவ்வொருவராகச் சிரிக்கத் தொடங்கினார்கள்.