பூட்டாத குழம்பு

மாரடைப்பிலிருந்து மீண்டு வந்த ஆதவன் இரண்டு நாளாக எதையும் வாயில் வைக்கவில்லை. மறைந்த அப்பத்தாவின் பக்குவத்தில் வைத்த மொச்சைக் குழம்புதான் வேண்டும் என்றான்.

மனைவி மணிமொழி, சொன்னதைச் சமைக்கும் பேசும் அடுப்பிடம், "அதே குழம்பு, உப்பு மட்டும் பாதியாப் போடு" என்றாள்.

"இந்தச் செய்முறை அப்பத்தா பெயரில் பூட்டிய குடும்பச் சொத்து. மாற்றுவதற்கு ஐந்து வாரிசுகளும் சம்மதிக்க வேண்டும்" என்றது அடுப்பு.

நான்கு பேர் சம்மதித்துவிட்டார்கள். கொழுந்தன் இளமாறன் மட்டும் மசியவில்லை.

"அப்பத்தா பக்குவத்துல கை வைக்காதீங்க அண்ணி" என்றான் போனில்.

"உங்க அண்ணன் பட்டினி கிடக்காரு தம்பி!"

"வேற ஏதாச்சும் செஞ்சு குடுங்க."

கூடத்துக்கும் சமையலறைக்குமாக அலைந்தாள் மணிமொழி. உள்ளே ஆதவன் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் செய்முறையை மூடச் சொல்லிவிட்டு, அடுப்பிடம் வெறும் சூட்டை மட்டும் கேட்டாள். மொச்சையை வேகவைத்து, பூண்டை அள்ளிப் போட்டு, மாங்காயைக் கீறிப் போட்டாள். உப்பைத் தொடவே இல்லை.

ஒரு வாய் சாப்பிட்டதும் ஆதவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இது அப்பத்தா குழம்பு இல்லையே."

"இல்லதான். நான் வச்சது."

அவன் தட்டை நீட்டினான். இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"புதிய செய்முறை. யார் பெயரில் பூட்டட்டும்?" என்றது அடுப்பு.

"பூட்டாத" என்றாள் மணிமொழி. "நாளைக்கு யாருக்கு என்ன நோவு வருமோ."