கடித்த கைக்குட்டை

கைக்குட்டையை நான்காக மடித்துப் பற்களுக்கிடையே வைத்துக்கொண்டு கிதாரை மடியில் ஏற்றினார் அல்சீதெஸ்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டிங் செய்யும் ஒமார் சிரித்தான்.

“என்னண்ணே, வாசிக்கப் போறீங்களா, பல்லு புடுங்கப் போறீங்களா? ஒத்திகையில இருமுன மாதிரி இப்பவும் இருமி வைக்காதீங்க.”

பல்வலி என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்தில் அவர் வாசிக்காத இசைத்தட்டு குறைவு. டாங்கோ பாடகனுக்கு விம்முவார், கும்பியா குழுவுக்குத் துள்ளுவார், ராக் பையன்களுக்குச் சுவர் இடிய வாசிப்பார். யார் கூப்பிட்டாலும் அவர்களுடைய கையாகவே மாறிவிடுவார். உறையில் அவர் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது.

இன்று கிதார்க்காரன் துலியோவின் கையாக மாற வேண்டும்.

துலியோ செத்து முப்பது வருடம் ஆகிறது. அவன் வெளியிட்டது ஒரே ஒரு இசைத்தட்டு. அதில் ஒரு பாட்டின் நடுவே வரும் நாற்பது நொடி கிதாருக்காகத்தான் ஊர் அவனை இன்னும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது.

புதிதாக மிக்ஸ் செய்து வெளியிடலாம் என்று பழைய டேப்பை எடுத்தார்கள். ஆற்றங்கரைக் கிடங்கின் ஈரத்தில் அதன் ஓரம் பூஞ்சை பிடித்து உதிர்ந்திருந்தது. கிதார் போயே போய்விட்டது.

பாடகனின் டிராக் பிழைத்தது. அதற்குள் ஒரு முனகலும் பிழைத்திருந்தது.

எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்த காலம் அது. கிதார் தொடங்கும் முன் யாரோ மூச்சை இழுத்து, தொண்டைக்குள்ளேயே “ம்ம்…” என்று முனகியதைப் பாடகனின் மைக் பிடித்து வைத்திருந்தது.

சற்றுமுன் துலியோவின் மகள் மிலாக்ரோஸ் மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றி நீட்டியபோது சொன்னாள். அப்பா போனபோது அவளுக்கு ஒன்றரை வயது.

“அந்த முனகல மட்டும் அழிச்சிராதீங்க மாமா. அப்பா பாடுனதில்ல, பேட்டி குடுத்ததில்ல. எங்கிட்ட இருக்கற அவரோட குரல் அது ஒண்ணுதான். மனசு சரியில்லாத அன்னிக்கெல்லாம் போட்டுக் கேப்பேன்.”

அல்சீதெஸ் உறிஞ்சி முடித்துக் குடுவையைத் திருப்பிக் கொடுத்தார். “நன்றி” என்றார். இனி வேண்டாம் என்பதற்கு அங்கே அதுதான் சொல்.

“ஒரு வாய் குடிச்சதுக்கே நன்றியா?” என்றாள் அவள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

ஹெட்போனில் டிரம்ஸ் ஓடியது. பாடகன் வரியை முடித்தான். பிறகு அந்த முனகல், காதுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதுபோல. அல்சீதெஸ் கைக்குட்டையை இறுகக் கடித்துக்கொண்டு வாசித்தார்.

நாற்பது நொடி. ஒரு சுருதி பிசகவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிலாக்ரோஸ் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

“அப்பா வந்து பக்கத்துல உக்காந்த மாதிரியே இருந்துச்சு மாமா.”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். பற்கள் பதிந்த கைக்குட்டை மடியில் விழுந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பாட்டைப் பதிவு செய்த அன்று துலியோ ஸ்டூடியோவுக்கு வரவே இல்லை.

‘இப்போதைக்கு நீ வாசித்து வை, வந்து மாற்றிக்கொள்கிறேன்’ என்று சொல்லியனுப்பியிருந்தான். வாசிக்கத் தொடங்கும்போதெல்லாம் முனகுவது அல்சீதெஸின் பழக்கம். பிறகு டேப்பைக் கேட்ட துலியோ எதையும் மாற்றவில்லை. உறையில் யார் பெயர் என்பதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

பதிவு நாளன்று காலையிலிருந்து அவன் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தான். சாயங்காலம் ஸ்டூடியோவுக்குப் போன் செய்து, அல்சீதெஸின் காது கிழியக் கத்தினான்.

“பொம்பளப் புள்ளடா! பொம்பளப் புள்ள!”

அதை எந்த மைக்கும் பிடித்து வைக்கவில்லை.