தமிழ் தெரிந்த மேடம்

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் குறுகி உட்கார்ந்திருந்தாள் கிருஷ்ணப்ரியா. பெண்களுக்கான உதவி எண் அது. மணி அடித்த மாத்திரத்தில் எடுத்துவிட்டார்கள். ஆனால் எடுத்தவள் பேசியது ஹிந்தி.

"தமிழ்... தமிழ் மட்டும்தான் தெரியும்..." என்று கிசுகிசுத்தாள். கல்யாணமாகி, மராத்தி பேசும் கசார்வாடிக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. அவளுக்குத் தெரிந்த ஹிந்தி கொத்தமல்லி வாங்கக்கூடப் பத்தாது. வெளியே விட்டால்தானே கற்றுக்கொள்ள!

"தமிழ்? அச்சா, அச்சா. ஏக் மினிட் தீதி, தமிழ்வாலி மேடம் ஹைன்" என்றாள் எதிர்முனைப் பெண். தமிழ், மேடம் என்ற இரண்டு சொற்கள் புரிந்ததுமே ப்ரியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போனில் பாட்டு ஓடத் தொடங்கியது.

பாத்திரம் தேய்க்க வரும் ரோஹிணி, மடித்த புடவைக்குள் ஒளித்துக் கொடுத்த பட்டன் போன் அது. நம்பரையும் அவளே பதிந்து தந்திருந்தாள். ப்ரியாவின் சொந்த போன் மாமியார் சியாமளாவின் பீரோவுக்குப் போய்ப் பல நாளாகிவிட்டது.

பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், ஹாலில் சியாமளா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே அவளுக்கு அப்படியொரு நல்ல பேர். யாருக்கு ரேஷன் கார்டு வேண்டும், யாருக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை வேண்டும், பாஷை தெரியாத எந்தத் தமிழருக்குப் பேச ஆள் வேண்டும் என்றாலும் முதல் ஆளாய் ஓடுவாள். மராத்திக்காரர்கள்கூட "மாவ்ஷி", சித்தி என்று கும்பிடுவார்கள். வீட்டுக்குள் அவள் யார் என்பது நாலு சுவருக்குத்தான் தெரியும்.

தன் குரல் அவள் காதில் விழுந்துவிடுமோ என்று ப்ரியா நடுங்கிக்கொண்டிருந்தபோது, ஹாலில் சியாமளாவின் போன் அடித்தது. ப்ரியா இருந்த இடத்திலிருந்தே சாமியைக் கும்பிட்டுக்கொண்டாள். போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டால் மாமியார் லேசில் எழுந்திருக்க மாட்டாள். டிவி சத்தமும் அடங்கியது.

பாட்டு நின்றது. "மேடம் லைன் மே ஹைன். தமிழ் மே போலியே" என்றாள் அந்தப் பெண்.

அவ்வளவுதான், அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது.

"அக்கா, பேரெல்லாம் வேண்டாம்க்கா, பயமா இருக்கு. என்னைய ரூம்ல போட்டுப் பூட்டி வெச்சிருக்காங்க. வயித்துல இருக்கிறது பொண்ணுன்னு எங்கேயோ திருட்டுத்தனமா பாத்துட்டாங்க. நாளைக்குக் காலைல கலைக்கக் கூட்டிட்டுப் போறாங்களாம். அவர்கிட்ட அழுதேன்க்கா. அம்மா சொல்றதக் கேளுன்னுட்டு டூட்டிக்குப் போயிட்டார்."

எதிர்முனையில் உச்சுக்கொட்டும் சத்தம் கேட்டது. அந்தச் சின்னச் சத்தத்துக்கே ப்ரியாவுக்கு அழுகை பொங்கியது. ஒரு மனுஷி அவளுக்காக இரக்கப்பட்டு எத்தனை நாளாயிற்று!

"எனக்கு இந்தக் குழந்தை வேணும்க்கா. இன்னிக்கே போலீஸோட யாரையாவது அனுப்புங்க. சாவி மாமியார் இடுப்புலயே இருக்கும், கேட்டா தரமாட்டாங்க, கதவை உடைச்சாவது என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க. இந்தப் போன்கூட ரோஹிணிதான் ஒளிச்சுக் குடுத்தா. பாவம், அவளுக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுக்கா."

அதற்குமேல் பேச முடியாமல் விசும்பினாள். ஹிந்திக்காரப் பெண் பதறிப்போய் ஏதோ கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லாமல், தமிழ் தெரிந்த மேடம் முதலில் ப்ரியாவிடம்தான் பேசினாள். குரலில் தேன் ஒழுகியது.

"அழாதடி கண்ணு, சாவி எங்கிட்டதான் இருக்கு."